தம்பியின் பெயருக்குப் பூசிய சிவப்பு

வன்னிப் போரில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போலவே இருந்தது. தம்பி உள்ளே அகப்பட்டிருந்தான். இரண்டு மாதமாகத் தொடர்பு இல்லை. ஜெர்மனியின் எசன் நகரில் நான் இருந்த வீட்டின் கீழ்த்தளத்திலோ ஞாயிற்றுக்கிழமையும் டக் டக்கென்று சத்தம். ஒருநாள் இறங்கிப்போய்க் கதவைக் காலால் உதைத்தேன்.

திறந்தவர் ஒரு கொரியாக்காரப் பெண், ஓய்வுபெற்ற தாதி. பயப்படவில்லை. மேசையில் ஒரு பலகை, அதன்மேல் எழுத்தெழுதிய தாளை ஒட்டியிருந்தார். தாளோடு சேர்த்தே உளியால் வெட்டுவார்களாம், அவர்கள் ஊர் முறை அது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மரச்சுத்தியலை நீட்டினார். "கதவை விட்டுவிட்டு இதை அடியுங்கள்" என்று ஜெர்மனில் சொன்னார்.

அடித்தேன். தம்பியின் பெயரைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டி, ஐந்து ஞாயிறு வெறிபிடித்தவன் மாதிரி அடித்தேன். ஒவ்வொரு அடியும் யாருக்கென்று எனக்குத் தெரியும். ஒருமுறை உளி வழுக்கி இடக்கை விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் அடித்தேன்.

வெட்டி முடித்துத் தாளைக் கழுவியதும், வாங்கி வைத்திருந்த சிவப்பை முதலெழுத்துக்குப் பூசினேன். எங்களுக்குச் சிவப்புத்தானே மங்களம். அவர் அலறிக்கொண்டு பாய்ந்து தூரிகையைப் பறித்தார். நான் பிடித்துத் தள்ளிவிட்டேன். அலுமாரியில் மோதி விழுந்தார். வயதான மனுஷி. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நிலத்தில் இருந்தபடியே கேட்டார்: "உங்கள் தம்பி செத்துவிட்டாரா?"

"இல்லை!" என்று கத்தினேன்.

"பிறகேன் சிவப்பு? உயிரோடு இருப்பவரின் பெயரை நாங்கள் சிவப்பில் எழுதமாட்டோம்."

உளியை எடுத்து அந்தச் சிவப்பைக் கொத்தினேன். எழுத்து பள்ளமாகி, பலகையும் வெடித்தது. அவர் எழும்பி வந்து, நான் கொத்துவதற்கு வசதியாகப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மிச்ச எழுத்துகளுக்குக் கறுப்புப் பூசினோம்.

போர் முடிந்தது. எந்த முகாம் பட்டியலிலும் தம்பி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் மெதுவாகக் கேட்டார்.

"தம்பியின்ரை படத்துக்கு மாலை போடட்டோ?"

"போட்டியளெண்டால் நான் இனி உங்களோடை கதைக்கமாட்டன்!"

தொலைபேசியைச் சுவரில் அடித்தேன். அம்மா பிறகு கேட்கவேயில்லை. சில வருடங்களில் அவரும் போய்விட்டார். பெற்ற பிள்ளைக்காக வாய்விட்டு ஒருநாள் அழக்கூட நான் அவரை விடவில்லை.