பச்சைச் சக்கரம் சாரம்மாள்

"தம்பி வந்துக்கிட்டிருக்கான், செத்த நில்லுங்க" என்று வண்டிக்குள்ளிருந்து ஒருவர் கெஞ்சுகிறார். சாரம்மாள் ஈரத் துணியால் சக்கரத்தின் பச்சை ஆரக்கால்களைத் துடைத்து முடித்து, கிழக்கே பார்க்கிறாள். வானம் வெளுத்துவிட்டது. "தம்பி நாளைக்கு வரட்டும். பத்துங்க அண்ணாச்சி." வண்டிக்காரர் பீர் மைதீன் மாட்டைத் தட்ட, நாங்குநேரி ரதவீதி முனையிலிருந்து வண்டி திருநெல்வேலி ரயிலடிக்குக் கிளம்பிவிடுகிறது.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போனவை இரண்டு வில்வண்டிகள். ஒன்று போக, ஒன்று திரும்ப. ஊரில் வண்டிக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஒரே கூண்டு, ஒரே பேச்சு: "இந்தா கெளம்பியாச்சு, ஏறுங்க." ஏறியவர் வண்டி நிறையும்வரை வெயிலில் வேகவேண்டியதுதான். சாரம்மாள் சக்கரங்களுக்குப் பச்சை அடித்தாள்; வண்டிக்காரர் இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தாள்: "விடிஞ்சா கெளம்பும். ஆளுக்காவ நிக்காது." யார் கேட்டாலும் இதுதான், ஒரு சொல் கூடக்கூடாது. மற்றொரு வண்டிக்காரர் அம்மையப்பன் வாய்க்காரர். "பாத்துப் போலாம்" என்று ஒருநாள் யாரிடமோ சொல்லிவிட்டார். "ஆளுக்கொரு பேச்சுன்னா பச்சை எதுக்குவே? சொரண்டிப் போட்டுருவோம்" என்றாள் சாரம்மாள்.

முதலில் வண்டி காலியாகவே ஓடியது. "சாரம்மா காத்தை ஏத்தி அனுப்புதா" என்று சிரித்தவர்கள், பிறகு இருட்டோடு வந்து இடம்பிடித்தார்கள்.

அதைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரர் தில்லைநாயகமும் பச்சை அடித்தார்.

கொழும்புக்குக் கப்பலேறும் மகனை வழியனுப்பத் தூத்துக்குடிக்குக் கிளம்பிய யூனிஸ், நிறத்தைப் பார்த்து அந்த வண்டியில் ஏறினாள். ஆள் சேர்ந்து அது புறப்பட வெயில் ஏறிவிட்டது. ரயிலும் போயிற்று; கப்பலும் போயிற்று. திரும்பி வந்து சாரம்மாளிடம்தான் அழுதாள். "பச்சையை நம்பித்தானக்கா ஏறுனேன். எம்புள்ள மொகத்தைப் பாக்க முடியலியே."

அது தன் வண்டியில்லை என்று சாரம்மாள் சொல்லவில்லை. யூனிஸின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நெறத்தை மாத்திருவோமா, தங்கச்சி?" என்று பீர் மைதீன் கேட்டார்.

"மாத்துனா அதையும் அடிப்பாரு. நெறத்தைத்தான எடுத்தாரு, சொல்லை எடுக்கலியே. எப்பக் கெளம்பும்னு கேட்டுட்டு ஏறச் சொல்லுங்க, எந்த வண்டின்னாலும்."

சந்தையிலும் ரயிலடியிலும் வண்டிக்காரர் இருவரும் அதையே சொன்னார்கள். ஜனங்கள் தில்லைநாயகத்திடமும் கேட்கத் தொடங்கினார்கள்: "விடிஞ்சா கெளம்புமா?" அவர் மழுப்புவார், கேட்டவர் கூண்டிலிருந்து மூட்டையை இறக்கிவிடுவார்.

போன தை மாதம் ஒரு விடியலில் அவருடைய குரல் கேட்டது, கொஞ்சம் கூச்சத்தோடு: "விடிஞ்சா கெளம்பும். ஆளுக்காவ நிக்காது." சொன்னபடியே வெளிச்சம் வந்ததும் கயிற்றைச் சுண்டினார். உள்ளே ஓர் ஆளும் இல்லை.

சாரம்மாளின் வண்டி அன்று நிறைந்திருந்தது. ஒரு பெரியவரும் மகளும் இடமில்லாமல் திகைத்து நின்றார்கள். நகர்ந்துகொண்டிருந்த அந்த வெற்று வண்டியைச் சாரம்மாள் பார்த்தாள். சட்டென்று குனிந்து அவர்கள் மூட்டையைத் தூக்கினாள்; எட்டி நடந்து, தில்லைநாயகத்தின் வண்டிக்குள் வைத்தாள்.