கொட்டை எடுக்கிற பலகை

என் வலது மணிக்கட்டு இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் அதற்குக் காரணம் என் ஓர்ப்படி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. புளிக்காலம் வந்தால் மலையில் பெண்கள் எல்லோரும் சுத்தியலோடு உட்கார்ந்து பழத்தைத் தட்டித் தட்டிக் கொட்டை எடுப்போம். ஒரு வருஷம் எனக்குக் கை வீங்கி, சோறு பிசையக்கூட முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா ஒரு பலகையில் இரண்டு ஆணி அறைந்து, நடுவே தேய்ந்த கதிர் அறுவாள் துண்டைச் செருகினார். பழத்தை வைத்து இழுத்தால் கொட்டை பிதுங்கி விழும்.

அடுத்த புளிக்காலத்துக்குள் ஊரில் வீட்டுக்கு வீடு அந்தப் பலகை வந்துவிட்டது. அடிவாரத்தில் ஒரு பட்டறைக்காரர் அதையே இரும்பில் செய்து, பெயிண்ட் அடித்து, தன் கடைப் பெயரை எழுதி விற்றார். சந்தைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கடை வாசலிலேயே சண்டை போட்டுவிட்டு வந்தேன். அக்காவோ, "நல்லா செஞ்சிக்கீறாரா? கைய வெட்டாதே?" என்று மட்டும் கேட்டார்.

பட்டறைக்காரர் அக்காவுக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால் போகட்டும், நாமாவது ஏதாவது செய்வோம் என்று பெண்கள் பேசிக்கொண்டோம். எங்கள் ஊரில் மாத்தாள் வழக்கம் உண்டு. என் கொல்லை நிலத்துக்கு நீ ஒரு நாள் வேலைக்கு வந்தால், உன் கொல்லைக்கு நான் ஒரு நாள் வருவேன். சாமைக்குக் களையெடுக்க எல்லோரும் அக்கா கொல்லையில் இறங்கினோம். சாயங்காலம் அவர், "நாளைக்கு யார் கொல்லைக்கு வரட்டும்?" என்றார்.

"நீங்க வர வேணாங்க்கா. இனிமே உங்ககிட்ட மாத்து கேக்க மாட்டோம்," என்றேன் பெருமையாக.

அவர் முகம் சுண்டிப்போனது. எங்கள் ஊரில் ஒருத்தரை ஒதுக்கி வைத்தால்தான் மாத்து கேட்காமல் விடுவார்கள். அத்தனை பேரில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்?"

பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் அந்தப் பலகைக்காகத்தான் என்று சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு எதுனா செய்யணும்னா, வேலைன்னு வந்தா மொதல்ல என்னக் கூப்புடுங்க. அது போதும்."

இப்போது யார் கொல்லையில் வேலை என்றாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அக்கா என் பக்கத்து வரிசையில் குனிந்து களை பிடுங்கும்போது, என் கையும் வலியில்லாமல் அவரோடு சேர்ந்து பிடுங்குகிறது.