கோட்டுக்குக் கீழே எழுதியவை

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். "எந்தக் கணக்குல பணம் வரல?"

"எந்தக் கணக்குலயும் வரலக்கா." போனில் வந்த குரல் கரகரத்தது. "நாங்க பேங்க்கே மாத்தலையே. யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீங்கதானே எழுதினீங்க."

அறைக்கு வெளியே கம்பிப் பின் அடிக்கும் மெஷின் அட்டையைத் தைத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது.

"நான் எழுதலக்கா," என்றது குரல்.

பதின்மூன்று வருடங்களாக அவள் உட்கார்ந்திருந்த அறை அது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று இரும்பு அலமாரிகள். கண்ணாடிக்கு வெளியே அட்டைப்பெட்டிப் பட்டறை. காகித உருளைகள், பசை வாளிகள், எட்டு ஆட்கள். பட்டறை அவள் கொழுந்தனுடையது. கணவன் இறந்த மூன்றாம் மாதம் கொழுந்தன் வீட்டுக்கு வந்து, "சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க அண்ணி, வந்து கணக்கப் பாருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். ஆட்கள் அவளைக் கணக்கம்மா என்றார்கள்.

காகிதம் வேறோர் ஊர் மில்லிலிருந்து வரும். மில்லின் கணக்குப் பிரிவில் இருந்தவள்தான் போனில் பேசியவள். நேரில் பார்த்ததில்லை. யார் மூத்தவள் என்று தெரியாமலே இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்று அழைத்துக்கொண்டார்கள். முதல் வருடம் ஒரு பில்லோடு வந்த மின்னஞ்சலில் கோடு ஒன்று போட்டு, அதற்குக் கீழே மில்காரி எழுதியிருந்தாள்: "இங்க மழை. குடை கொண்டுவரல. அங்க எப்படி?" கணக்கம்மாவும் கோடு போட்டுப் பதில் எழுதினாள்: "இங்க வெயில். கொஞ்சம் அனுப்பி வைங்க." அதுவே வழக்கமானது. கோட்டுக்கு மேலே உருளை, எடை, தொகை. கீழே முழங்கால் வலி, மகளின் பரீட்சை, மில்காரியின் மாமியார்.

மூன்று வாரங்களுக்கு முன் வந்தது இது: "தொண்டையில கட்டி. நாளைக்கு ஆபரேஷன். இருபது நாள் வாயத் திறக்கக் கூடாதாம். மாமியாருக்குக் கொண்டாட்டம்தான். மெயில் மட்டும் வீட்லருந்து பாப்பேன்."

பன்னிரண்டாம் நாள் வந்த மின்னஞ்சலிலும் கோடு இருந்தது. மேலே, பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் இந்தத் தடவை பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான்கு வரிகள். கீழே: "இன்னும் பேச வரலக்கா. எல்லாம் சைகைதான். உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

கணக்கு எண் மாறினால் போன் செய்து கேட்க வேண்டும். அது அவளே வைத்துக்கொண்ட விதி. மில்காரியின் எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை ரிங் போனது. படுத்திருப்பவள் பதறி எடுப்பாள், எடுத்துப் பேசப் பார்ப்பாள் என்று தோன்றியது. துண்டித்தாள். மில் ஆபீசுக்கே அழைத்திருக்கலாம். உடம்பு முடியாதவள் எழுதியது சரிதானா என்று அவள் மேலாளரிடம் கேட்பது கோள் மூட்டுவதுபோல் இருந்தது. பணத்தை அனுப்பினாள். பெட்டிகளுக்காகச் செருப்புக் கம்பெனி தந்த முன்பணம் முழுவதும் அது.

மில்காரி இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் பணம் வராததைக் கேட்டு அழைத்தாள்.

கொழுந்தன் சத்தம் போடவில்லை. "மொத்தமுமா?" என்று மட்டும் கேட்டார். அவளுடைய செம்பிலிருந்தே தண்ணீர் குடித்தார். வங்கியில், நீங்களே எண் போட்டு அனுப்பியதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். போன பணம் ஒரு மணி நேரத்தில் நான்கு கணக்குகளாகப் பிரிந்து வெளியேறியிருந்தது.

காவல் நிலையத்தில் அதிகாரி இளைஞன். பொறுமையாகக் கேட்டான்.

"தொண்ட ஆபரேஷன் விஷயம் உங்க ஆபீஸ்ல யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எனக்கு மட்டும்தான்."

அவன் அதைக் குறித்துக்கொண்டான். அப்புறம் கொழுந்தனைப் பார்த்தான். "இவங்க உங்களுக்கு?"

"அண்ணன் சம்சாரம்."

மில்காரியின் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்து படித்திருக்கலாம், பட்டறையிலிருந்தே யாராவது சொல்லியும் இருக்கலாம் என்றான் அதிகாரி. முதல் நாளிலிருந்து இருக்கிற எல்லா மின்னஞ்சல்களையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னான். "திருடன் எழுதின விஷயமெல்லாம் அதுல இருந்துச்சுன்னா, உங்க மேல சந்தேகம் வர வேலையில்ல."

வெளியே படியிறங்கும்போது கொழுந்தன் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்..."

"தம்பி!"

"கேக்கறேன். அவ்ளோதான்."

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது. இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடைக்காது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அச்செடுக்க உட்கார்ந்தாள்.

இரண்டு கட்டுத் தாள் முடிந்தது. பின் மெஷின் ஓட்டுகிறவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"என்ன கணக்கம்மா, கதை எழுதுறீங்களா? நான் வர்றனா அதுல?"

"வர்ற."

"நல்லவனாவா?"

"வாயாடியா."

"அப்ப உண்மைக் கதைதான்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் சிரித்தாள். பிறகுதான் கோட்டுக்குக் கீழே வேறு என்னவெல்லாம் எழுதியிருந்தாள் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

தாள்களைப் புரட்டித் தேடினாள். ஆறு தாள்களை உருவி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். தாள்களில் பக்க எண் இருந்தது. நடுவில் ஆறு பக்கம் இல்லையென்றால் அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பான். எடுத்து மறுபடி அதனதன் இடத்தில் செருகினாள்.

நாலரை மணிக்குக் கொழுந்தன் வந்தார். தாள்கட்டைத் தூக்கியவர் பையில் போடாமல் நின்றபடியே புரட்டினார். பார்க்கட்டும் என்றுதான் முதலில் இருந்தாள். அவர் கை ஒரு பக்கத்தில் நின்றது.

"தம்பிக்கு மனசு பெரிசு, கைதான் சின்னது," என்று படித்தார். சாதாரணக் குரலில்தான் படித்தார். அடுத்த தாள். "சம்பளம் ஏத்திக் கேட்டா உறவு போயிடும். கேக்காட்டி நான் போயிடுவேன்."

"தம்பி, அது சும்மா பொம்பளைங்க பேச்சு."

அவர் இன்னும் புரட்டினார். அந்தப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரியும்.

"பட்டறை பாதி இவர் அண்ணன் காசுல போட்டது. அத இப்ப யாரு பேசறா." தாளைத் தாழ்த்தினார். "பாதியா அண்ணி?"

"உங்கண்ணன் சொல்லியிருக்கார்."

"எங்கிட்ட ஒரு நாளும் கேக்கலையே நீங்க."

"கேட்டிருந்தா?"

வெளியே மெஷின் நின்றது.

"பதிமூணு வருஷமா எவளோ ஒருத்திகிட்ட சொல்லியிருக்கீங்க," என்றார். "இத அந்த ஸ்டேஷன் ஆளு படிச்சா என்ன நினைப்பான்? காசு போனதுக்குக் காரணம் தேடிட்டிருக்கான். இத விட வேற என்ன வேணும்?"

"அவன் என்ன வேணா நினைக்கட்டும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கொழுந்தன் தாள்கட்டை மேசையில் தட்டி ஓரத்தைச் சரிசெய்தார். பையில் வைத்தார். கதவருகே போய்த் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் எழுந்து நின்றாள்.

"ஸ்டேஷனுக்கு நேரமாச்சு," என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தாள். அவள் நாற்காலியில் கொழுந்தனின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் தானே கணக்கைப் பார்த்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். அலமாரிச் சாவிகளை ஒவ்வொன்றாக விளக்கிக் கொடுத்தாள். கொழுந்தன் வரவில்லை. காகிதம் இல்லாததால் ஐந்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். பத்தரைக்கு அதிகாரி மைத்துனரை அழைத்து, மில்காரியின் மின்னஞ்சலை இரண்டு மாதமாக வெளிநாட்டிலிருந்து யாரோ படித்துவந்தது உறுதியாகிவிட்டது, பணம் கிடைக்க வழியில்லை என்றான். மைத்துனர் அதை அவளிடம் சொன்னார். அப்படியா என்றாள். மில்காரியின் எண்ணுக்கு இரண்டு தடவை அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. பதினொன்றுக்கு ரேடியோவோடு கிடங்கில் உட்கார்ந்து, மீந்திருந்த மருந்துப் பெட்டிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டினாள். ஒரு மணிக்குச் சாப்பிட்டாள். ஐந்து மணிவரை கட்டினாள்.