மூன்றாவது கதிரையில் என் கைப்பை

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி அச்சாறு போடுகிறாள். வினாகிரிப் போத்தலை அவள் திறந்த கணமே அந்த வாடை என் முன்னறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது வெங்காயமும் மிளகாயும் சோற்றுத் தட்டும். எனக்கு அது சாகத் தொடங்கிய படச்சுருள். பழைய நெகட்டிவ் கெட்டுப்போகும்போது முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வினாகிரி மணக்கும், அவ்வளவுதான். பிறகுதான் அது சுருளும், சுருங்கும், உள்ளே இருக்கும் முகங்களில் வெடிப்பு ஓடும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் மூக்கை உள்ளே விடுவதுதான் எங்களுக்கு முதல் வேலை.

எங்களுக்கு என்று எழுதிவிட்டேன். கை இன்னும் பழக்கம் விடவில்லை.

படக் காப்பாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தலைமையகம் கொழும்பில். அரும்பொருளகம், பத்திரிகை அலுவலகம், தேவாலயம், மூடிப்போன ஸ்டூடியோ என்று பழைய படங்கள் பெட்டியில் கிடக்கும் இடங்களில் அவற்றைத் துடைத்து, விவரம் எழுதி, ஈரமும் பூச்சியும் அண்டாமல் வைத்திருப்பவர்களின் சங்கம். அதன் மட்டக்களப்புக் கிளைக்கு நான் செயலாளராக இருந்தேன். எதிலும் நிலைத்து நில்லாதவள் நான். வானொலி, நூலகம், ஒரு தொண்டு நிறுவனம், இடையிடையே கவிதை. வீடுகளையும் அப்படித்தான் மாற்றினேன். சுவரில் ஆணி அடிப்பதற்குள் சாமான் கட்டிவிடுவேன். செயலாளர் வேலையை மட்டும் விடவில்லை. அதற்குள் ஒரு சனிக்கிழமை இருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம். ஒரு காலத்தில் மேசையைச் சுற்றிக் கதிரை போட இடம் போதாது. பிறகு ஒருவர் கனடா போனார், ஒருவர் காலமானார், சிலர் எல்லாம் போனில் இருக்கிறதே என்று சொல்லி நின்றுவிட்டார்கள். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். ஒருவர் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, தன் மெதடிஸ்த தேவாலயத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குத் தேவாலயத்தின் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான். யன்னலைத் திறந்தால் வாவி. மற்றவர் வாழைச்சேனையிலிருந்து வரும் அண்ணன். காகித ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே எடுத்த படங்களையும், ஊரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ்களையும் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். மூன்றாவது ஆள் நான்.

தனியாக இருப்பவளுக்குப் பேச வேண்டிய தேவை அதிகம் வருவதில்லை. கடையில் ஒரு பாண் என்பேன். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வேன். சில வாரங்களில் அவ்வளவுதான். கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. மறுநாள் அந்த அறையில் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, படியில் கேட்கும் காலடிக்காகக் காத்திருப்பேன். அண்ணனின் காலடி ஒன்று விட்டு ஒன்று பாரமாக விழும். முழங்கால் நோ.

அந்த அறையில் செய்த வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். மாரியில் வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகு, பிளாஸ்டிக் சொப்பின் பேக்கில் சுற்றிக் கலியாண அல்பங்களைக் கொண்டுவருவார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சோற்றுக் கட்டியாகியிருக்கும். சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, அவசரப்படாமல் பிரித்து, முகம் மேலே பார்க்க மீன் வலையில் காயப்போடுவோம். யாரோ ஒருத்தியின் கூறைச் சேலை, யாரோ ஒருவரின் வேட்டிக்கரை, வலை முழுக்க முகங்கள். காற்றடித்தால் எல்லாரும் சேர்ந்து மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். அப்போது நான் பேசமாட்டேன். பேசாமல் இருப்பதும், பேச ஆளில்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் நாங்கள் செய்வதில்லை. படத்தில் இருப்பதை மாற்றமாட்டோம். அழிந்த மூக்கை வரையமாட்டோம், இல்லாத ஆளைச் சேர்க்கமாட்டோம். ஒருமுறை ஒரு ஆள் தன் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினார்.

“இவன எடுத்து உடுங்க. என்ட மச்சான். இப்ப கத பேச்சு இல்ல.”

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். “எடுக்கலாம் தம்பி. மறுகா அவர்ர கையில இரிக்கிற தட்ட ஆரு பிடிக்கிற?”

“தட்டையும் சேத்து எடுங்க.”

“தட்டில உங்கட தாலி இரிக்கிது.”

அந்த ஆள் சிரித்துவிட்டார். துடைத்த படத்தை மச்சானோடு சேர்த்தே கொண்டுபோனார். டீச்சர் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

சங்கத்து விதிப்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆகக் குறைந்தது மூன்று உறுப்பினர் நேரில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கிளையைக் கலைத்து இன்னொரு கிளையோடு சேர்த்துவிடுவார்கள். எங்கோ சில கிளைகள் நடக்காத கூட்டத்தை நடந்ததாகச் சொன்னதால், கூட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் அனுப்பவேண்டும் என்று புதிதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று நல்ல மழை. வாவி நிரம்பித் தேவாலயத்து மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் நனைந்துகொண்டு வந்தார். ரோல்ஸ் தின்றோம், பேசவேண்டியதைப் பேசி முடித்தோம். பிறகுதான் படத்தின் நினைவு வந்தது. பிறத்தியார் படங்களோடு காலம் கழித்த எங்கள் மூவருக்கும் தங்கள் படம் என்றால் கூச்சம். கமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் போட்டி.

“நீங்க ரெண்டு பேரும் இரிங்க, நான் எடுக்கன்,” என்றார் அண்ணன்.

“உங்கட கை நடுங்கும். கொண்டாங்க, நான் எடுக்கன்,” என்றார் டீச்சர்.

“டீச்சர் எடுத்தா தல இரிக்காது. போன நத்தார் ஒளிவிழாப் படத்தப் பாத்தன். எல்லாரும் கழுத்தோட நிக்கிறாங்க.”

அவர்கள் சண்டை முடியட்டும் என்று நானே என் போனில் எடுத்தேன். டீச்சர் ஒரு கதிரையில், அண்ணன் ஒரு கதிரையில். மூன்றாவது கதிரையில் என் கைப்பை. பின்னால் திறந்த யன்னல், அதில் தண்ணீர். கீழே வழக்கம்போல ‘படம்: செயலாளர்’ என்று எழுதி அனுப்பிவைத்தேன். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. படத்தைப் பார்த்தால் எடுத்தவரையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்ப்போம்.

சில வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நல்ல பிள்ளை, குரலில் கனிவு.

“அக்கா, படத்துல ரெண்டு பேர்தான் இருக்காங்க.”

“மூன்றாவது ஆள் நான்தான். நான்தான் எடுத்தேன்.”

“எனக்கு விளங்குது அக்கா. குழு ஒத்துக்க மாட்டாங்க. நீங்க ஒண்ணு செய்யுங்க. மூணு பேரும் அதே உடுப்பப் போட்டுட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

போனை வைத்த பிறகு வீட்டுக்குள் நடந்தேன். முன்னறை, குசினி, பின்வாசல், மறுபடி முன்னறை. என் கிளையில் நான் இல்லை என்று ஒரு படம் சொல்கிறது. சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த வீட்டில் சேர்ந்து சிரிக்க ஆளில்லை. கிளை போனால் அறை போகும். அறை போனால் அந்தச் சனிக்கிழமை போகும். படியேறி என்னைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். இருவரையும் அழைத்து, அதே உடுப்பில் வரச்சொன்னேன்.

வந்தார்கள். டீச்சர் அதே நீலச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். அண்ணனின் சேட்டில் பொத்தான் ஒன்று அறுந்துபோயிருக்க, வேறு நிறத்தில் ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் கைப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது கதிரையில் உட்கார்ந்தேன். படம் எடுக்கத் தேவாலயத்துக் காவல்காரர் என் போனோடு முன்னால் நின்றார். அண்ணன் திரும்பி யன்னலைப் பார்த்தார்.

“தண்ணி எங்க?”

“முகத்துவாரத்த வெட்டி உட்டாங்கதானே,” என்றார் டீச்சர்.

“அதத்தான் சொல்றன். அண்டைக்கு மதிலில முட்டி நிண்ட. இண்டைக்கு அதில கொக்கு நடக்கிது.”

உண்மைதான். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டதும் வாவி கடலுக்கு ஓடிவிட்டிருந்தது. கண்டல் வேர்களும் சேறும் வெயிலில் கிடந்தன.

“யன்னலச் சாத்துவம்,” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. “யன்னலச் சாத்திப்போட்டு நாம எப்ப புள்ள கூட்டம் வெச்ச?”

“ஒரு படத்துக்கு இவ்வளவு கதையா?” என்று டீச்சர் சீறினார். “இந்தப் புள்ளக்கு இந்தக் கிளை வேணும். அதுக்குத்தான் நான் இந்தச் சேலையச் சுத்திக்கிட்டு வந்து இரிக்கன்.”

“எனக்கும் வேணும் டீச்சர். எடுக்கட்டும். நான் எழும்பி ஓடவா போறன்? கீழ என்ன எழுதுற எண்டு மட்டும் செயலாளர் சொல்லட்டும்.”

நான் கைப்பையைக் காலால் கதிரைக்கடியில் தள்ளினேன். காவல்காரர் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, “எடுக்கவா, வேணாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அண்ணனை முறைக்கிறார். அண்ணன் கொக்கைப் பார்க்கிறார். நான் பிடிபட்டவள்போல நேரே பார்க்கிறேன். மூவரும் சேர்ந்திருக்கும் படம் எங்களிடம் வேறு இல்லை. ‘ஆண்டுப் பொதுக்கூட்டம்’ என்று எழுதினால் போதும். விரலும் அதைத்தான் எழுதத் தொடங்கியது. எழுதி, அழித்து, எழுதி, குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்து, திரும்பி வந்து அழித்தேன். எத்தனையோ பேருடைய படங்களுக்குக் கீழே, தெரிந்ததை மட்டும் எழுதிய கை. நாளைக்கு யாரோ ஒருத்தி இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வாவி வற்றியிருந்தது என்று எழுதிவிடுவாள். என்னை நம்பி எழுதுவாள். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘கிளை உறுப்பினர் மூவர். கூட்டத்துக்குப் பின் வேறொரு நாள், கூட்டத்தில் உடுத்திய உடுப்போடு எடுத்தது.’ யோசிக்க நேரம் கொடுக்காமல் அனுப்பினேன்.

அந்தப் பெண் மறுபடி அழைத்தாள். “ஏன் அக்கா அந்த வரிய எழுதினீங்க?” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. பாவம், எனக்காகக் கதைத்துப் பார்த்திருக்கிறாள். எங்கள் கிளையைத் திருகோணமலைக் கிளையோடு சேர்த்துவிட்டார்களாம். விரும்பினால் அங்கே போகலாமாம்.

டீச்சருக்குச் சொன்னேன். “நான் எண்டா எழுதியிரிக்க மாட்டன்கா,” என்றார். பிறகு, “சரி, எழுதினது எழுதினதுதான்,” என்றார். அறையை ஞாயிறு பள்ளிக்குக் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

அறையைக் காலி செய்த சனிக்கிழமை டீச்சர் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வலையை மடித்தேன். கோப்பைகளைத் தாளில் சுற்றினேன். அண்ணன் தன் பெட்டிகளைக் கட்டினார், ஒவ்வொன்றாக மூக்கால் சோதித்து. ஓட்டோ பிடித்து பஸ் நிலையத்துக்குப் போனோம். வாழைச்சேனை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு, அவர் இருந்த யன்னலுக்குக் கீழே போய் நின்றேன். பஸ் நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. அந்த வயதில், அத்தனை பேருக்கு முன்னால், ஒரு ஆளை வீட்டுக்கு வாருங்கள் என்று கத்துவது எனக்குப் புதிது.

“அண்ணன், வாற மாதமும் வாங்க. என்ட வீட்டுக்கு. டீச்சரயும் கூப்பிடுவன். கூட்டம் இல்லாட்டி என்ன, தேத்தண்ணி குடிப்பம்.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சிரிக்கப் பார்த்தார். நடத்துனர் பலகையில் தட்டினார்.

“இந்தக் காலோட, இவ்வளவு தூரம்,” என்றார் அண்ணன். “கூட்டம் எண்டா போக உடுவாங்க. இனி வீட்டில என்னண்டு சொல்லிப்போட்டு வாற, புள்ள?”