ஜெய்னம்பு மேடம் எண்ணி நடந்த கரை

இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் மண்டபம் வண்டிக்காக நின்றிருந்தேன். கைபேசி அடித்தது. ஜெய்னம்பு மேடத்தின் மகள் ஷாஹிதா. "முனியசாமி மாமா, அம்மா மவுத்தாயிட்டாங்க. நேத்து பொழுது சாய, மஃரிபு நேரத்துல. ஊருக்குத்தான் கொண்டு வந்துக்கிட்டிருக்கோம். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்" என்றாள். வண்டி வந்தது, நிரம்பியது, போய்விட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

கல்லூரியில் அவரிடம் விலங்கியல் படித்த உங்களுக்கு அவருடைய குரலும், கரும்பலகையில் ஒரே இழுப்பில் அவர் வரையும் நண்டும் நினைவிருக்கும். நான் அந்தத் துறையின் ஆய்வக உதவியாளன். துறையின் பழைய ஜீப்பை ஓட்டியதும் நான்தான். அவரைவிட மூன்று மாதம் மூத்தவன் என்பதால் "முனியண்ணே" என்பார். உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காள்மடம் கிராமத்துக்குப் பின்னால் உப்பங்கழியை ஒட்டிய சேற்றுத் தரையில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் உண்டு. அவற்றை வைத்துத்தான் அவருடைய ஆராய்ச்சி. வளைக்குப் பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பதித்து, மேலே சேறு பூசிவிடுவோம். நண்டு இரை பொறுக்கியபடி தட்டின் மேல் வந்ததும், தூரத்திலிருந்து நான் கயிற்றைப் பிடித்துத் தட்டை ஒரு முழம் நகர்த்த வேண்டும். பிறகு அவர் கையை வீசுவார். நண்டு பயந்து ஓடும். வளை இருக்கும் இடத்துக்கு அல்ல, ஒரு முழம் தள்ளி வெறும் சேற்றுக்கு. அங்கே நின்று கால்களால் தரையைத் தடவும்.

முதல் முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். "கண்ணு தெரியலையா இதுக்கு?" என்றேன்.

"கண்ணு பருந்தப் பாக்குறதுக்குண்ணே. தரையோட தரையா இருக்கிற வளை அதுக்கு எட்டத்துல இருந்து தெரியாது. எந்தப் பக்கம், எத்தன எட்டு வந்தோம்னு உடம்பே கணக்கு வச்சிருக்கு. அதை நம்பித்தான் ஓடுது. நமக்கும் மூளைக்குள்ள அந்தக் கணக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆனா அது மட்டும் தனியா ஓடுனா பிசகு சேரும். கண்ணு அப்பப்ப வந்து திருத்தணும்" என்றார்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள், உச்சி வெயில். அவர் சேற்றில் வேலையாக இருந்தபோது, வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிழல் போய்விட்டது என்று ஜீப்பைப் பத்தடி தள்ளி வேறொரு வேலிக்கருவைக்கு அடியில் நிறுத்திவிட்டு, நானும் ஓரமாக நின்றேன். மேடம் வந்தார். நேராக நடந்து, ஜீப் முன்பு நின்ற இடத்தில் நின்றார். கதவைத் திறக்கக் கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. கை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. ஒரு எட்டு முன்னால் வைத்து மறுபடியும் துழாவினார். அவர் முகம் என் பக்கம்தான் இருந்தது. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் "மேடம், இங்கன" என்றேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா மங்கிக்கிட்டே வருது. கண் அழுத்த நோய். நடுவுல ஒரு குழா வழியா பாக்குற மாதிரி கொஞ்சம் மிச்சமிருக்கு. வெயில் கூசுனா அதுவும் இல்ல. எண்ணித்தான் நடக்கேன். யார்ட்டயும் சொல்லிராதீங்கண்ணே. இந்தத் தரையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

கணவரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். மகள் சென்னையில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நான் பார்த்துச் சொன்னேன், அவர் மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு எழுத வைத்தார். "நண்டு போயிருச்சு" என்றால் கோபம் வரும். "போயிருச்சுன்னா? எந்தப் பக்கம், எம்புட்டுத் தூரம்? போகையில உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு?" வகுப்பில் அவர் குறிப்பைப் பார்த்துப் பாடம் நடத்தியதே இல்லை என்பதால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது. படிக்கட்டுகள், நடைபாதைத் திருப்பங்கள், உங்கள் பெஞ்சுகள் எல்லாம் அவருக்கு எண்களாக இருந்தன.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அது நடந்தது. அன்று ஜீப்பின் டயர் மாற்ற நான் பின்தங்கினேன். அவர் காத்திருக்காமல் இறங்கிவிட்டார். வேலை முடித்துப் பார்க்கிறேன், சேற்றுத் தரையில் ஆள் இல்லை. நீர் ஏறிக்கொண்டிருந்தது. உப்பங்கழி ஓடைப் பக்கம் அவருடைய முக்காடு தெரிந்தது. மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கரை என்று நினைத்துக் கழிமுகத்தை நோக்கி இன்னும் ஒரு எட்டு வைத்தார். நான் ஓடினேன். கையைப் பிடித்தபோது அவர் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு.

ஜீப்பில் ஏறி முக்காட்டின் நுனியைப் பிழிந்தார். "எங்கனயோ பிசகிருச்சுண்ணே" என்றார். அவரை வீட்டில் விட்டுவிட்டு, தெருமுனையில் நின்று ஷாஹிதாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவள் வந்து அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். வழியனுப்பப் போயிருந்தேன். மேடம் என் குரல் கேட்ட திசைக்குத் திரும்பவே இல்லை.

ஒரு வருடம் கழித்துச் சென்னையில் போய்ப் பார்த்தேன். அடுக்குமாடியில் ஆறாவது தளம். தரை முழுக்க வழவழப்பான ஓடு. குறையில்லாத வீடு, குறையில்லாத மகள். மேடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடக்கும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் எண்ண வேண்டிய தேவையே இல்லை என்றார். ஷாஹிதா தேநீர் போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"காப்பாத்துனீங்கண்ணே, இல்லன்னு சொல்லல. ஆனா எங்கன கொண்டாந்து காப்பாத்தி வச்சிருக்கீங்க, பாருங்க."

நான் பார்த்தேன். அந்த ஒன்றரை வருடப் பழக்கத்தில், பார்த்ததைச் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. நானும் மூன்று பிடி மண் போட்டேன். மேடத்தின் வீட்டுக்குத் திரும்பியதும் ஷாஹிதா என்னிடம் வந்தாள். "அன்னிக்கு நீங்க போன் பண்ணலேன்னா மூணு வருசத்துக்கு முன்னாலயே அம்மாவக் கடல் கொண்டு போயிருக்கும் மாமா. இந்த மூணு வருசம் நீங்க குடுத்தது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடற்கரைக்கு இப்போது போவதில்லை. நினைத்தாலே, உச்சி வெயிலில் மேடத்தின் கை நீண்டு துழாவுகிறது. கூப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது.

அவருடைய பூதக்கண்ணாடியும் குறிப்பேடுகளும் துறையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்க்கலாம். என்னிடம் இருப்பது ஆறாவது தளத்தில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். ஷாஹிதாவிடம் இதுவரை அதைச் சொன்னதில்லை. இதை அவளும் வாசிப்பாள்; இன்று சொல்லிவிட்டேன்.