சுத்தமான உள்ளங்கை

என் கண்ணில் கோளாறு என்று எனக்கு உறைப்பதற்குள் தம்பியின் தோப்பில் முக்கால்வாசிப் பூ கருகிவிட்டது.

எங்கள் ஊர் முதலமடையில் மா பூக்கும் நாட்களில் பூங்கொத்தை வளைத்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவோம். இலைப்பேன் (பூவின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி) இருந்தால் கையில் விழுந்து ஓடும். ஓடினால் மருந்தடிக்க வேண்டும். அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் நான்தான் தட்டிப் பார்த்துச் சொல்வேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்.

அந்த மார்கழியில் தம்பி செந்திலின் தோப்பில் பத்து மரம் தட்டினேன். தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றான்.

"மருந்தடிக்கோணுங்களா அக்கா?"

"வேண்டாஞ் சாமி, கை சுத்தமா இருக்குது."

என் பேச்சை நம்பித் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டான். பத்து நாளில் பூ கருகி உதிர்ந்தது. அவன் உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கு முன்பே போனைக் கை நீட்டித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியாதபோது நூலைக் குறை சொன்னேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு தோப்புக்குள் போனால் யார் என் பேச்சை நம்புவார்கள் என்ற வீம்பு. அந்த வீம்போடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவரிடம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். "இது வெள்ளெழுத்துங்க (வயதாவதால் கிட்டத்துப் பார்வை மங்குவது). கண்ணுக்குள்ள இருக்கற வில்லை இறுகிப்போச்சு. கண்ணாடி போட்டாப் போதும்," என்றார் அந்த அம்மா.

எனக்குப் போதவில்லை. வேறு வழியே இல்லையா என்று துளைத்தெடுத்தேன். லேசர் கதிரால் வில்லைக்குள்ளேயே நுண்ணிய கீறல்கள் போட்டு அதை இளக்கும் சிகிச்சை ஒன்று ஆய்வில் இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பலன் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. கண்புரை (வில்லை வெளுத்துப்போவது) சீக்கிரமே வந்துவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

"ஏம்புள்ள, இருக்கற கண்ணையும் கெடுத்துக்காத," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் வெள்ளெழுத்துதான். சட்டைப்பையில் கண்ணாடி வைத்திருக்கிறார், பேப்பர் படிக்க மட்டும் எடுப்பார். நான் கேட்கவில்லை. வலது கண்ணுக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளையும் கை நீட்டித்தான் படித்தேன்.

சிகிச்சையன்று கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு வளையம் கண்ணை அமுக்கிப் பிடித்தது. வலியில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த விளக்கு ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து, ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல் போனது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குருடாக இருந்தேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பதறினேன்.

பார்வை திரும்பியது. முதல் சில நாள் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையம் விழுந்தது, அது இன்றும் விழுகிறது.

அடுத்த வருடம் பூ வந்ததும் தம்பியின் தோப்பில் தட்டியபோது உள்ளங்கையில் நாலு பேன் ஓடியது. அங்கேயே நின்று அழுதேன். பூச்சியைக் கண்டு சந்தோஷப்பட்ட விவசாயி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தம்பி மருந்தடித்தான், பூ உதிராமல் நின்றது.

இந்த வருடம் வீட்டுக்காரரும் நானும் மறுபடி தம்பியின் தோப்புக்குப் போனோம். தட்டினேன். கை சுத்தமாக இருந்தது.

"மருந்தடிக்கோணுங்களா அக்கா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த மார்கழியிலும் கை இப்படித்தான் சுத்தமாக இருந்தது. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க," என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள, சுத்தமாத்தான் இருக்குது."

கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எட்டி உருவி நான் மாட்டிக்கொண்டேன். உள்ளங்கையில் மூன்று பேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அடிச்சுரு சாமி," என்றேன்.

இப்போது எனக்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது, கழுத்தில் கயிற்றோடு. அதைப் பார்த்துத் தோப்பில் யாரும் என் பேச்சைச் சந்தேகப்படவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, லேசர் பட்ட வலது கண்ணுக்கு உள்ளங்கை ரேகை தெளியும்வரை கையைத் தள்ளிப் பார்க்கிறேன். போன மாதத்தைவிடக் கை ஒரு விரற்கடை தள்ளிப் போயிருக்கிறது.