கம்பியின் இடது குதிகால்

கம்பியின் முகத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு மேடையில் இடம் எல்லோருக்கும் பின்னால். சட்டையில் தையல் விட்டிருந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். இருபத்தாறு வயதில் சொந்த மரப்பட்டறை. இந்த ஊரில் நல்ல கதவு என்று எதைத் தட்டினாலும் பாதிக்குப் பாதி என் கைவேலையாக இருக்கும். டிரம்ஸையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையைத் தட்டியே உள்ளே விரிசல் எங்கே என்று சொல்லுகிற காது இது. அந்தக் காதுக்குத் தாளம் எம்மாத்திரம்?

கம்பி என் பட்டறைக்குப் பாலிஷ் போட வந்தவன். ஒல்லி உடம்பு, அதனால் அந்தப் பெயர். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அவன் கிதாரோடு பாடுவான், எதிர்க்கடைத் தையல்காரர் பேஸ் கிதார், நான் டிரம்ஸ். குழுவுக்கும் ‘ஷட்டர்’ என்றே பெயர் வைத்தோம். ஆம்ப்ளிஃபயருக்குள் மரத்தூள் புகுந்து, கிதார் சளி பிடித்த மாதிரி கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் கல்லூரிப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். இரண்டு கேசட் வந்தது. நடுவில் என் தங்கையையும் கட்டிக்கொண்டு எனக்கு மச்சான் ஆகிவிட்டான். அந்த நாட்களின் வார்னிஷ் வாசனை இன்றைக்கும் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஒரு ரகசியம் சொல்கிறேன். கம்பிக்குப் பாட்டு வரும், ஆரம்பிக்க மட்டும் வராது. மைக் முன்னால் நிற்பான், நின்றுகொண்டே இருப்பான். மனசு தயாரானதும் இடது குதிகால் தரையை விட்டு அரை அங்குலம் எழும்பும். அதைப் பார்த்ததும் நான் குச்சிகளை நாலு தரம் தட்டுவேன். அடுத்த நொடி பாட்டு பறக்கும். குதிகால் எழும்புவது அவனுக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் எனக்கு என்ன மரியாதை?

பிறகு ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். கம்பி மட்டும் போதும், ஒரு கிதார், ஒரு மைக், வேறு யாரும் வேண்டாம் என்றார். பட்டறையில் பாலிஷ் துணியைக் கசக்கிக்கொண்டே கம்பி என்னிடம் சொன்னான்.

“போ, தாராளமா போ. நான் இல்லாம முதல் பாட்டைக்கூட ஆரம்பிக்க மாட்டே, எழுதி வச்சுக்கோ!” என்றேன்.

“உனக்கு எழுதத் தெரியாதேன்னு என்னை எழுதச் சொல்றியா?” என்று சிரித்துவிட்டுப் போனான். பட்டறை வேலையையும் விட்டுவிட்டான்.

ஒன்பது மாதம் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். “உங்க அண்ணனுக்குத் தண்ணி வேணுமாம், கேளு” என்பான். “உன் வீட்டுக்காரரை முதல்ல மெல்லச் சொல்லு, விக்கப் போகுது” என்பேன். நடுவில் அவள் தபால்காரி.

ஒருநாள் அவளே பட்டறைக்கு வந்தாள்.

“அண்ணே, கிதாரை மாட்டிக்கிட்டு சிலை மாதிரி நிக்கறார். ஒத்திகையில ஒரு பாட்டுகூட ஆரம்பிக்கலை. ஞாயித்துக்கிழமை மேடையிலயும் இப்படின்னா ரெக்கார்டு கிடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நீ வாய் வச்சது பலிச்சிடுச்சு. இப்ப சந்தோஷமா?”

பொய் சொல்வானேன், ஒரு கடுகளவு சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கித்தான் போனேன். ஓசியில் போகிறவன் இல்லை நான். மூன்றாவது வரிசை. கம்பி வந்து மைக் முன்னால் நின்றான். பாடப் போகிற கம்பியின் முகத்தை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன். பயந்த முகம். பன்னிரண்டு வருஷமும் இந்தப் பயத்தோடுதானா நின்றான், எனக்குத் தெரியாமல் போயிற்றே! குதிகாலைத் தேடினேன். முன்னாலிருந்து என்ன தெரியும்? ஷூவின் மூக்குதான் தெரிந்தது.

பின்வரிசையில் யாரோ, “என்னய்யா, தூங்கிட்டியா?” என்று கத்தினார்கள். எழுந்தேன். அந்த அரங்கத்தில் மேடைக்குப் பின்னால் போகும் கதவு நான் செய்தது, வழி தெரியாதா? திரைக்குப் பின்னால் போய், அந்தக் கதவை ஒட்டி நின்றேன். திரை இடுக்கில் அதே முதுகு. குதிகால் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. கையில் குச்சி இல்லை. விரலை மடக்கிக் கதவில் நாலு தட்டு தட்டினேன்.

பாட்டு பறந்தது.

பதினாலு பாட்டு, பதினாலு தரம். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து, வீங்கிய என் விரல்களைப் பார்த்தான்.

“கதவுல ஏதோ சத்தம் கேட்டுதே, மச்சான்.”

“மரம் காய்ஞ்சா வெடிக்கும்.”

“நாலு தடவை, தாளம் தப்பாமலா?”

“நான் செஞ்ச கதவாச்சே.”

சிரித்தான். உடனே முகம் மாறியது. “அடுத்த வாரம் வேற ஊரு. அங்கே உன் கதவு இருக்காதே” என்றான்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் ஒரு முழம் தேக்குப் பலகையை இழைத்து, அடியில் நாலு கட்டை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். குதிகால் சங்கதியைச் சொன்னேன். “எழும்பறது தானா எழும்பும். அதை நாலு தரம் இதுல இறக்கு. அவ்வளவுதான், இனிமே நான் வேண்டாம்.” சொல்லிவிட்டுப் பலகையை அவன் பக்கம் தள்ளினேன். கம்பி பலகையைத் தடவிப் பார்த்தான். “பாலிஷ் சுமார்தான்” என்றான். பாலிஷ் போடுகிறவன் புத்தி!

பத்தொன்பது வருஷம் அந்தப் பலகையோடு ஊர் ஊராகத் தனியாகப் பாடினான். ஆறு ரெக்கார்டு. காலால் தாளம் தட்டி ஆரம்பிப்பது அவருக்கே உரிய பாணி என்று பத்திரிகையில் எழுதினார்கள். எழுதட்டும், எனக்குப் படிக்கத் தெரியும்.

கடைசிக் கச்சேரி போன வருஷம், அதே அரங்கத்தில். நான் அன்றைக்குப் போலவே திரைக்குப் பின்னால், என் கதவை ஒட்டி நின்றேன். கடைசிப் பாட்டுக்குக் குதிகால் எழும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று தட்டினான். நாலாவதைத் தட்டவில்லை. கால் அந்தரத்தில் நின்றது. அரங்கம் பாட்டுக்காகக் காத்திருந்தது. அவன் யாருக்காகக் காத்திருந்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கதவில் ஒரு தட்டு தட்டினேன். கொஞ்சம் தாமதம்தான். அது என் பிழை இல்லை, அவன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.